விலாவில் குத்திய ஏதென்ஸ், மூக்கால் மோதிய கொரிந்து

பழைய கிரேக்கத்தில் பகைத்துக்கொண்ட ஏதென்ஸ், கொரிந்து இரண்டு ஊர்க் கப்பலும் பார்வைக்கு ஒன்றுதான். மூன்றடுக்கில் 170 துடுப்புக்காரர்கள், மூக்கில் வெண்கல இடிமுனை. கிரேக்கத்தில் இந்த ட்ரைரீமை முதலில் கட்டியது கொரிந்து என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். சண்டை போடும் விதத்தில்தான் பிரிந்தார்கள்.

ஏதென்ஸ் கப்பல் தளத்தில் அதிக ஆள் ஏற்றாது. பத்து ஈட்டிக்காரர், நான்கு வில்லாளி, அவ்வளவுதான். எதிரி வரிசையின் இடைவெளியில் பாய்ந்து, சட்டெனத் திரும்பி, விலாவில் குத்தும். கொரிந்துக்குப் பழைய வழக்கமே போதும்: கப்பலோடு கப்பலை ஒட்டி, தளம் நிறையக் கூட்டிவந்த வீரர்களை விட்டு வெட்டிக்கொள்வது. கி.மு. 433இல் சிபோட்டா என்ற இடத்தில் கோர்சைரா தீவோடு நடந்தது, தண்ணீரில் நடந்த தரைச் சண்டைதான்.

திறந்த கடலில் இரண்டுக்கும் ஒப்பே கிடையாது. கி.மு. 429இல் கொரிந்தும் கூட்டாளிகளும் 47 கப்பலோடு வந்தார்கள். ஏதென்ஸின் தளபதி ஃபோர்மியோவிடம் 20. கொரிந்து பக்கத்தார்தான் பயந்துபோய் மூக்கை வெளியே நீட்டி வட்டம் கட்டி நின்றார்கள். ஃபோர்மியோ இடிக்கவில்லை. உரசுவதுபோல் சுற்றிச் சுற்றி வந்து வட்டத்தை இறுக்கினார். விடியலில் கொரிந்து வளைகுடாவிலிருந்து காற்று வரும் என்று அவருக்குத் தெரியும். காற்று வந்தது. கப்பலோடு கப்பல் மோத, கழியால் தள்ளிக்கொண்டு கத்திய கூச்சலில் கட்டளை யார் காதிலும் விழவில்லை. அப்போதுதான் ஃபோர்மியோ தாக்கினார். எதிரியின் 12 கப்பல் பிடிபட்டது.

ஏதென்ஸின் வித்தைக்கு இரண்டு தேவை: ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள், திரும்ப இடம். கொரிந்தின் பதிலுக்குத் தச்சன் போதும். கி.மு. 413இல் மூக்கின் இருபக்கக் கட்டைகளைத் தடிமனாக்கி, நேருக்கு நேர் மோதினார்கள். ஏதென்ஸின் ஏழு கப்பல்களின் மூக்கு உடைந்தது. கொரிந்து இழந்தது மூன்று. தோற்காததே வெற்றி என்று கொரிந்து நினைத்தது, தெளிவாக ஜெயிக்காததே தோல்வி என்று ஏதென்ஸ் நினைத்தது. என் கணக்கில் அன்றே தராசு சாய்ந்துவிட்டது.

ஏதென்ஸ் படையெடுத்திருந்த சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரம் இதையே தன் துறைமுகத்துக்குள் செய்தது. அங்கே திரும்ப இடமேது? கூடவே அரிஸ்டன் என்ற கொரிந்து மாலுமியின் குறும்பும் சேர்ந்தது. சந்தையைக் கடற்கரைக்கே கொண்டுவரச் சொல்லி, நடுப்பகலில் பின்வாங்கி, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றைய வேலை முடிந்ததென்று கரையேறியிருந்த ஏதென்ஸ்காரர்கள், பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு, குழம்பியடித்துக் கப்பலேறினார்கள். அவர்களின் ஏழு கப்பல் மூழ்கியது.