மொரிட்டானியா பாலைவனப் பயணம்: வாட்ஸ்அப்பில் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான், தம்பி, அவனுடைய நண்பன், மூன்று பேர். 2024 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியா போனோம். ஏழு நாள் பயணம் என்று பேசி ஒரு ஏஜென்ட்டிடம் மொத்தம் 2,280 யூரோ கொடுத்தோம், ஐந்தாம் நாள் சாயங்காலம் தலைநகர் நுவாக்சோட்டுக்கே திரும்பி வந்து நின்றோம். உவதான் என்ற பழைய ஊரைப் பார்க்கவில்லை, ரிஷாத் என்ற பெரிய வட்டப் பாறை அமைப்பைப் பார்க்கவில்லை, இரும்புத்தாது ரயில் ஏறவில்லை. அந்த ஏஜென்ட் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, எழுதிப் பயனும் இல்லை, அவருக்கு மூன்று பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அவரைப் பிடித்தது வாட்ஸ்அப்பில். நல்ல ஆங்கிலம், கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில், ஒட்டகப் படம், நட்சத்திர வானப் படம் எல்லாம் வந்தது. திட்டமும் நன்றாகவே இருந்தது. நுவாக்சோட்டிலிருந்து தெர்ஜித் சோலை, அட்டார், ஷிங்கெட்டி, அங்கிருந்து மணல்வழியாக உவதான், பக்கத்தில் ரிஷாத், கடைசியில் ஷூம் என்ற ஊரில் இரும்புத்தாது ரயில் ஏறி நுவாதிபூ துறைமுகம். ஜீப், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, சாப்பாடு, டீசல் எல்லாம் சேர்த்து 1,650 யூரோ, பாதி முன்பணம். அனுப்பச் சொன்னது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். "அக்கா, அந்த நாட்டில் எல்லாரும் இப்படித்தான் வாங்குவாங்களாம்" என்று தம்பி சொன்னான், நானும் சரி என்று அனுப்பிவிட்டேன்.

முதல் ஏமாற்று விசாவில். அழைப்புக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஆளுக்கு 60 யூரோ தனியாக வாங்கினார். போய் இறங்கினால் விமான நிலையக் கவுன்டரில் 55 யூரோ வாங்கிக்கொண்டு விசா ஒட்டினார்கள், கடிதத்தை யாரும் கேட்கவே இல்லை. (2025 முதல் அந்த முறை மாறிவிட்டது, கிளம்பும் முன்பே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதையும் நீங்களே செய்யலாம், நடுவில் ஆள் தேவையில்லை.)

இரண்டாவதுதான் பெரியது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த நாட்டுப் பணம் உகியா. 2018-ல் ஒரு சைபரை வெட்டிப் புது உகியா கொண்டுவந்தார்கள், பழைய 10 உகியா இப்போது 1. ஆனால் ஊரில் வாயால் விலை சொல்லும்போது இன்னமும் பழைய கணக்கில்தான் சொல்கிறார்கள். டீக்கடைக்காரர் "ஆயிரம்" என்றால் நீங்கள் கொடுக்க வேண்டியது நூறு. புதிதாகப் போகிறவனுக்கு இது தெரியாது, ஏஜென்ட்டுக்கு நன்றாகத் தெரியும். ஷிங்கெட்டியில் தங்குவதற்கு ஆளுக்கு 6,000 உகியா, அது மொத்தத் தொகையில் சேரவில்லை என்று முதல் நாள் இரவு சொன்னார். அப்போது ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 40 புது உகியா, நாங்களும் போனிலேயே கணக்குப் போட்டு ஆளுக்கு 150 யூரோ எடுத்துக் கொடுத்தோம். ஷிங்கெட்டியில் விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், 6,000 என்பது பழைய கணக்கு, அதாவது 15 யூரோ, இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து. 450 யூரோ வாங்கியவர் விடுதிக்குக் கொடுத்தது 45. யாராவது விலை சொன்னால் பழையதா புதியதா என்று ஒரு முறை கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வண்டிக்கு வருகிறேன். வழிகாட்டி என்று ஒருவர் வரவே இல்லை. ஓட்டுநர் மட்டும் வந்தார், ஐம்பது வயதிருக்கும், ஹஸ்ஸானியா அரபியும் கொஞ்சம் பிரெஞ்சும் பேசுவார். தம்பியின் நண்பன் லியோனில் படிக்கிறவன், அவனுக்குப் பிரெஞ்சு தெரிந்ததால் பிழைத்தோம். வழியெல்லாம் ஜாந்தர்ம் என்ற காவல் படையின் சோதனைச் சாவடிகள், ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட் விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும், 'ஃபீஷ்' என்பார்கள். எல்லாம் நாங்கள் தயார் செய்துவிட்டோம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார், வண்டியில் ஒரு தாள்கூட இல்லை. சாவடிக்குச் சாவடி நிறுத்தி மூன்று பாஸ்போர்ட்டையும் கையால் எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அட்டாரில் ஒரு கடையில் ஆளுக்கு முப்பது ஜெராக்ஸ் போட்டோம், அதன் பிறகு சாவடிக்கு இரண்டு நிமிடம்.

அட்டாரில்தான் வேஷம் கலைந்தது. நுவாக்சோட்டிலிருந்து அது 440 கிலோமீட்டர் இருக்கும், தார் ரோடு, அதுவரை பிரச்சினை இல்லை. டீசல் பங்கில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எங்களிடம் இருபதாயிரம் கேட்டார். பழைய கணக்கில்தான், 50 யூரோ. டீசலுக்கு அவரிடம் பணமே கொடுக்கவில்லையாம். சத்தம் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் பதில் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து அடுப்பு மூட்டி டீ போட்டார், அங்கே மூன்று சுற்று ஊற்றித்தான் விடுவார்கள், மூன்றாவது கிளாஸுக்குள் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டி அவருடையது. முந்தைய இரண்டு பயணத்துக்கான கூலியே இன்னும் வரவில்லை. எங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஷிங்கெட்டி நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கல்லால் கட்டிய பழைய மசூதி, கோபுரத்து உச்சியில் நெருப்புக்கோழி முட்டைகள், குடும்பங்கள் தலைமுறையாகக் காத்து வைத்திருக்கும் கையெழுத்துச் சுவடிகள். 1996-ல் உவதானோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். மறுநாள் உவதானுக்கு மணலில் போக வேண்டும், அப்போதுதான் ஸ்டெப்னியைப் பார்த்தோம், மொழுக்கென்று வழுக்கையாக இருந்தது. இரண்டாவது ஸ்டெப்னி இல்லை, சக்கரம் புதைந்தால் அடியில் போடும் தகரப் பலகையும் இல்லை. இதில் போனால் நான் திரும்பி வருவேன், நீங்கள் வருவீர்களா என்று தெரியாது என்றார் ஓட்டுநர். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் உவதான் ரோட்டை ராணுவம் மூடிவிட்டது என்கிறார். காலையில்தான் உவதானிலிருந்து ஒரு வண்டி வந்து விடுதி வாசலில் நிற்கிறது.

ரிஷாத் போகாததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. 40 கிலோமீட்டர் அகலம், வானத்திலிருந்து பார்த்தால்தான் வட்டம் வட்டமாகத் தெரியும், தரையில் நின்றால் மேடும் கல்லும்தான் என்று போனவர்களே சொல்கிறார்கள். ரயில்தான் வயிறெரிந்தது. சுவேராத் சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை 704 கிலோமீட்டர், ரயிலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். எங்களுக்குப் பயணிகள் பெட்டியில் இடம் முன்பதிவு செய்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஷூமில் விசாரித்தால் அப்படி ஒரு முன்பதிவே கிடையாது, வந்தவர் ஏற வேண்டியதுதான், இல்லாவிட்டால் தாதுவின் மேல். ராத்திரி முழுக்கக் குளிர், கண்ணிலும் மூக்கிலும் இரும்புத்தூள், எங்களிடம் கம்பளியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தம்பி ஏறியே தீருவேன் என்றான். அப்போதுதான் ஓட்டுநர் நண்பனைத் தனியாகக் கூப்பிட்டு, இவர்களை ரயிலில் ஏற்றிவிட்டு நேராக நுவாக்சோட் வந்துவிடு, அடுத்த ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று தனக்கு உத்தரவு வந்திருப்பதைச் சொன்னார். நுவாதிபூவில் எங்களுக்கு வண்டியே வராது. ரயில் வந்தது, நின்றது, எங்களைத் தாண்டிப் போக அத்தனை நேரம் ஆனது. பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்ததும் ஏஜென்ட்டிடம் மீதியைக் கேட்டேன். ஓட்டுநர்தான் உங்களை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு செய்தி, அதோடு சரி. வங்கி மூலமோ கார்டிலோ கட்டாததால் திரும்பக் கேட்க இடமே இல்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நுவாக்சோட்டிலிருந்து அட்டாருக்குப் பகிர்ந்துகொள்ளும் டாக்சி, வேன் ஓடுகிறது. யூரோ நோட்டாக எடுத்துப் போங்கள், கார்டை நம்ப வேண்டாம். அட்டாரில் விடுதிக்காரர்களிடம் கேட்டால் வண்டிக்காரரையே நேரில் காட்டுவார்கள், ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்றன்றைக்கு உள்ளதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு பயணக் குழுவில் அதே ஆள், வேறு பெயரில் விளம்பரம் போட்டிருக்கிறார். வெள்ளை வண்டி, பின்னால் ஷிங்கெட்டி மசூதிக் கோபுரம். அந்தப் படம் தம்பி எடுத்தது, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நம்பி அவருக்கே அனுப்பி வைத்தது. உங்களுக்கும் அது வந்தால் வலது ஓரத்தில் பாருங்கள், நீலத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு சிரித்தபடி நிற்பது நான்தான்.