பழைய பிக்கப்பின் பின்னால் ஒரு கார்: வாடகை டிரெய்லர் பற்றிய என் மதிப்பீடு

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்கு நாங்கள் வீடு மாறியபோது வண்டிகள் இரண்டு, ஓட்டுநர் நான் ஒருவன். ஒரு வண்டி 2001ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், 4.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொண்டது. மற்றது 2006ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக். காரின் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் மேலே ஏறி நிற்கக்கூடிய கார் டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ 250 மைல் தொலைவை ஒரே பகலில் கடந்தேன். பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டதால், அந்த டிரெய்லர் எப்படி உழைத்தது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முதன்மையான காரணம், அந்த டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இருப்பதுதான். பழைய டிரக்கால் காரை இழுக்க முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வி8 என்ஜின் உள்ள எந்த டிரக்கும் சமதரையில் ஒரு சிறிய காரை இழுத்துவிடும்; இருபது வயதைக் கடந்த பிரேக் குழாய்களையும் ரப்பர்களையும் நம்பி, இரு மடங்கான எடையை மழைச் சாலையில் நிறுத்துவதுதான் கடினம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய கடையில், முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டோ டாலியை வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் பிரேக் கிடையாது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதையில், ஈரத்தில் பிரேக்கை மிதித்தபோது, பின்னால் இருந்த கார் டிரக்கின் பின்பகுதியை வெளிப்புறமாகத் தள்ளத் தொடங்கியதை இருக்கையிலேயே உணர்ந்தேன். காலை எடுத்து, ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருந்ததால் வண்டி நேரானது. அன்று பக்கத்தில் வேறு வாகனம் இல்லாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

இம்முறை எடுத்த டிரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக். டிரக் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் தன் எடையால் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையே முன்முனையில் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டரை அழுத்தி, டிரெய்லர் சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. டிரக்கில் தனியாக எந்தக் கருவியும் பொருத்த வேண்டியதில்லை என்பதால் பழைய வண்டிக்கு இது மிகவும் ஏற்றது. முதல் சிக்னலில் நின்றபோதே வேறுபாடு தெரிந்தது. பின்னாலிருந்து இடிப்பது போன்ற உணர்வு சிறிதும் இல்லை.

வாடகைக்கு எடுக்கும் முன் எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். காலி டிரெய்லரின் எடை 2,210 பவுண்டு. சிவிக் ஏறத்தாழ 2,700 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 4,910. என் டிரக்கின் கையேடு இதைவிட அதிகமாக இழுக்க அனுமதிக்கிறது. ஆனால் டிரக்கின் அடியில் குனிந்து, டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சில் ஒட்டியிருந்த சீட்டின் அழுக்கைத் துணியால் துடைத்துப் படித்தபோது, அதில் இழுக்கும் எடை 5,000 பவுண்டு என்றும், டிரெய்லரின் முன்முனை ஹிட்ச்சை அழுத்தும் எடை 500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் இருந்தது. கையேடு, ஹிட்ச், டிரெய்லரின் முன்முனை அமரும் ஹிட்ச் பந்து ஆகிய மூன்றில் எந்த எண் மிகக் குறைவோ அதுவே உங்கள் வரம்பு. எனக்கு மிஞ்சியது 90 பவுண்டு மட்டுமே. காரின் டிக்கியில் என் மனைவி வைத்திருந்த மாவு கிரைண்டரையும் இரண்டு புத்தகப் பெட்டிகளையும் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே இறக்கி, டிரக்கின் பின்பக்கச் சரக்குத் தொட்டியில் கேபினை ஒட்டி வைத்தேன். தொட்டியில் ஏற்றும் பொருளும், ஹிட்ச்சின் மேல் இறங்கும் முன்முனை எடையும் டிரக் தாங்கும் எடையில் சேரும் என்பதால் அங்கும் அளவாகவே ஏற்றினேன்.

டிரக்கைத் தயார் செய்ய ஒரு வாரம் ஒதுக்கினேன். பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் கலந்த திரவம் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். ஆகவே பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்பினேன். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு நிறம் மாறிப் பழுப்பாகி இருந்தது, அதையும் மாற்றினேன். டயர்களின் மேற்பரப்பு வரிப்பள்ளங்கள் ஆழமாகவே இருந்தாலும், பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. பக்கவாட்டில் பொறித்துள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 1812 என்றால் 2012ஆம் ஆண்டின் 18ஆம் வாரம். என் டயர்கள் பத்து வயதைக் கடந்தவை என்பது தெரிந்ததும், வரிப்பள்ளங்களைப் பார்த்து ஏமாறாமல் நான்கையும் மாற்றினேன். பயணத்துக்கான செலவில் பெரும்பகுதி இதற்கே போயிற்று, வருந்தவில்லை.

டிரெய்லரை மாட்டிய அன்று, இடது இண்டிகேட்டரைப் போட்டால் இரு பக்க விளக்குகளும் மங்கலாகத் துடித்தன. டிரெய்லர் விளக்குகளுக்கான நான்கு கம்பிகளில் வெள்ளைக் கம்பி எர்த் இணைப்புக்கானது. அது டிரக்கின் சட்டத்தோடு சேரும் போல்ட்டைச் சுற்றித் துரு படர்ந்திருந்தது. உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து மீண்டும் முடுக்கியதும் விளக்குகள் சரியாயின. பழைய டிரக்குகளில் டிரெய்லர் விளக்கு எரியாவிட்டால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

காரை ஏற்றுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. எடை முன்பக்கம் அதிகமாக இருந்தால்தான் டிரெய்லர் ஆடாமல் வரும் என்பதால், என்ஜின் உள்ள முகப்பு முன்னால் இருக்குமாறே ஏற்ற வேண்டும்; பின்னோக்கி ஏற்றிய கார் வேகம் கூடும்போது டிரெய்லரைப் பாம்பு போல நெளிய வைத்து டிரக்கையே புரட்டிவிடக்கூடும். முன்டயர்களின் மேல் வலைபோல் விழும் பட்டைகளை ராட்செட் என்னும் பல்சக்கர முடுக்கியால் இறுக்கி, காரின் சங்கிலியையும் மாட்டினேன். டிரெய்லரின் இரு பாதுகாப்புச் சங்கிலிகளை முன்முனைக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். பந்திலிருந்து இணைப்பு கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் சங்கிலிகள் தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும். பட்டைகள் சில மைல்களிலேயே தளர்ந்துவிடும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐந்து மைல் சென்றதும் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திப் பார்த்தபோது, டயர்கள் தம் இடத்தில் நன்றாக அமர்ந்து, பட்டையில் இரண்டு பல் அளவுக்குத் தொய்வு விழுந்திருந்தது.

ஐ-24 நெடுஞ்சாலையில் நாஷ்வில்லுக்கும் சட்டனூகாவுக்கும் இடையே உள்ள மான்டீகிள் மலைதான் எனக்கு இருந்த பெரிய கவலை. 4 முதல் 6 சதவீதம் வரை சரிவுள்ள அந்த இறக்கத்தில், பிரேக் செயலிழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே தனிப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைத்துவிட்டேன். அணைக்காவிட்டால் கியர் மாறி மாறி விழுந்து ஆயிலைச் சூடாக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தை 45 மைலுக்குக் குறைத்து இரண்டாம் கியருக்கு மாற்றினேன். சர்ஜ் பிரேக் டிரக்கின் பிரேக்கைத் தொடர்ந்தே இயங்குவதால், பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் இரண்டும் சேர்ந்து சூடேறும். என்ஜினே பெரும்பாலும் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இடையிடையே மட்டும் சில விநாடிகள் அழுத்தி விட்டேன். அடிவாரத்தில் நிறுத்தி, டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள்.

டிரெய்லரில் எழுதியிருந்த உச்ச வேகம் மணிக்கு 55 மைல். மற்ற வண்டிகள் எழுபதில் கடந்து போகும் சாலையில் இது பொறுமையைச் சோதிக்கும். ஆயினும் முழு வழியிலும் அதை மீறவில்லை, டிரெய்லரும் ஒருமுறைகூட ஆடவில்லை. ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமலும் வேகம் கூட்டாமலும் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

எனக்குள்ள ஒரே குறை, ஏற்றும் சாய்தளத்தின் கோணம். சிவிக்கின் முன்பம்பர் அதில் உரசிவிடும் போலிருந்தது. தளத்தின் நுனிக்கு முன்னால் இரண்டு மரப்பலகைகளை வைத்து, மனைவி பக்கத்தில் நின்று கைகாட்ட, நூலிழை இடைவெளியில் ஏற்றினேன். இதைவிடத் தாழ்வான கார் வைத்திருப்பவர்கள் பலகைகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வாடகை இடத்தில் அவை கிடைக்கவில்லை.