பழைய தேக்குக்கு அரக்குப் பாலிஷா, பி.யு.வா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கணக்குப்பிள்ளை மேசையோ கால் ஆடும் நாற்காலியோ வாங்கி வந்து, கார் ஷெட்டில் வைத்துத் தாமே சீர்செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கி, மூட்டுக்குப் பசை போட்டு இறுக்கி, உப்புத்தாள் தேய்த்து முடித்ததும் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்று: மேலே எதைப் பூசுவது? கடையில் கேட்டால் பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு என்பார்கள். வயதான ஆசாரியைக் கேட்டால் அரக்கு, அதாவது செதிலாக விற்கும் ஷெல்லாக் பிசின் என்பார்.

வீட்டுக்குள் இருக்கும் பழைய தேக்குச் சாமான்களுக்கு நான் அரக்கின் பக்கம். சாப்பாட்டு மேசைக்கு பி.யு. வெயிலும் மழையும் படும் வாசல் நிலைக்கதவுக்கு இரண்டுமே வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதும். பளபளப்பையும் விலையையும் வைத்து இதைச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அதே சாமான் கீறலோடும் கறையோடும் மறுபடி ஷெட்டுக்கு வருமே, அன்றைக்கு என்ன பாடு என்பதை வைத்துச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடலாம். தாங்கும் சக்தியில் பி.யு.வுக்குப் பக்கத்தில் அரக்கு வராது. சூடான டபராவை அப்படியே வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும். 70 டிகிரி பக்கம் போனால் அது இளகத் தொடங்கிவிடும். சானிடைசர் சிந்தினால் கரையும், சோப்புத் தண்ணீரின் காரமும் அதற்கு ஆகாது. ஆகவே தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் பலகைக்கு அரக்கைப் பூசுவதில் அர்த்தம் இல்லை. மெலமைன் என்று மூன்றாவதாக ஒன்றும் விற்கிறது. அதுவும் பி.யு. போலவே ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து இறுகும் ரகம்தான். காயும்போது கண்ணெரிச்சல் அதிகம், பழுது பார்ப்பதும் பி.யு. போலவே சிரமம். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

மறுபடி பூசும் நாள்

அரக்கு ஸ்பிரிட்டில், அதாவது மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்ற ஆல்கஹாலில் கரைந்து இருக்கிறது. ஸ்பிரிட் பறந்ததும் படலமாக நிற்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது. நாற்பது வருடம் கழித்துப் புது அரக்கை மேலே தடவினாலும், அதில் உள்ள ஸ்பிரிட் பழைய படலத்தின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பெட்டகத்தின் ஒரு கதவில் மட்டும் கீறல் என்றால் அந்தக் கதவை மட்டும் கவனித்தால் போதும். கீறல் விழுந்த இடத்தில் 320 எண் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்து, தூசியைத் துடைத்து, துணிப் பொதியால் மூன்று கை (பூச்சு) நீர்த்த அரக்கு கொடுத்தால் காலையில் தொடங்கிய வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

பி.யு. அப்படி இல்லை. ஹார்டனர் சேர்ந்ததும் வேதிவினை நடந்து படலம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கிறது. இறுகியபின் எந்தத் தின்னராலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. புதிய கை பழைய கையோடு கலக்காமல் மேலே தனி ஏடாக உட்காரும். ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் ஓரம் கோடாகத் தெரியும். முழுப் பலகையையும் தேய்த்து முழுப் பலகைக்கும் அடித்தால்தான் ஒரே மாதிரி வரும். படலம் உரியத் தொடங்கிவிட்டால் அதுவும் உதவாது. அடி மரம் வரை எடுக்க வேண்டும். பெயின்ட் ரிமூவருக்கு அது எளிதில் மசியாது. சுரண்டியும் எந்திரத்தில் தேய்த்தும்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சமமான பலகையில் இதை எப்படியும் செய்துவிடலாம். யாளியும் கொடியும் அன்னமும் செதுக்கிய பலகையில் என்ன செய்வது? சிற்பத்தின் கூர்மை முழுக்க மேலே உள்ள அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அது மழுங்கும். நம் வீடுகளில் உள்ள நல்ல மரம் பெரும்பாலும் 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போவதற்கு முன் கப்பலேறி வந்த பர்மாத் தேக்கு. தேய்த்துப் போக்கிய மரத்துக்கு மாற்று வாங்கிவர இடம் இல்லை. கரைத்து எடுக்கக்கூடிய பூச்சுதான் இந்த மரத்துக்குச் செய்கிற மரியாதை என்று நான் நம்புகிறேன்.

பி.யு. உரியுமா என்று கேட்பவர்களுக்கு: நன்றாகத் தயார் செய்த சின்னச் சாமானில் பல வருடம் உரியாமலே இருக்கும். உரிவது அகலப் பலகையிலும் மூட்டுகளிலும்தான். இந்தப் பக்கத்துக் கோடை மரத்தை வற்ற வைக்கிறது, ஐப்பசி மழை அதே மரத்தை ஊத வைக்கிறது. பலகை அகலவாக்கில் ஏறி இறங்கும்போது இறுகிப்போன படலம் மூட்டோரத்தில் விரியும். விரிசலில் ஈரம் புகுந்தால் அடியில் வெள்ளைத் திட்டு. தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையும் படலத்தை மரத்தோடு சேரவிடாது.

ஷெட் எதற்குத் தோது?

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஷெட், பக்கத்தில் செம்மண் தரை. இதுதான் நம்மில் பலருடைய பட்டறை. பி.யு. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வருவதற்குள் பறக்கும் தூசி எல்லாம் அதில் உட்கார்ந்துவிடும். அரக்கின் முதல் கை சில நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் தூசிக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. பி.யு.வைச் சரியாக அடிக்க ஸ்பிரே கன், கம்ப்ரசர், காற்றை வெளியே தள்ளும் விசிறி எல்லாம் வேண்டும். அரக்குக்கு மென்முடி பிரஷ் ஒன்றும் பழைய பருத்தி வேட்டித் துண்டும் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல் மூச்சு. பி.யு. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஸ்பிரே புகையாக உள்ளே போனால் ஆஸ்துமா வரவழைக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க் இதற்கு எந்தப் பயனும் இல்லை. ஆவி பிடிக்கும் கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும்.

அரக்கிலும் ஆபத்து உண்டு. ஸ்பிரிட் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பற்றும் தன்மை உடையது, அதாவது நம் ஊரில் வருடம் முழுவதும். ஸ்கூட்டரை வெளியே தள்ளி, இன்வெர்ட்டரையும் மோட்டார் சுவிட்சையும் அணைத்து, கதவைத் திறந்து வைத்தபின்தான் பாட்டில் மூடியைத் திறக்க வேண்டும்.

அரக்குப் பூசும் முறை

தொடங்கும் முன் பழைய பூச்சு எது என்று பாருங்கள். சாமானின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தினால், அரக்கு என்றால் பிசுபிசுக்கும். அசையவில்லை என்றால் தின்னரில் அதையே செய்து பாருங்கள், இளகினால் அது லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷோ பி.யு.வோ. எனாமல் பெயின்ட் அடித்த பழங்கதவாக இருந்தால் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், ரிமூவர் போட்டு ஈரமாகவே வழித்தெடுங்கள். காஸ்டிக் சோடா வேலையைச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் தேக்கைக் கறுக்க வைத்துவிடும்.

ஆணி இருந்த இடத்தில் கருப்புக் கறை இருந்தால் அது இரும்பும் மரச் சாறும் சேர்ந்தது, உப்புத்தாளால் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 60 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவி, வெளுத்ததும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். அது விஷம், கையுறை வேண்டும். காய்ந்தபின் படியும் வெள்ளைத் தூளைத் தேய்த்துப் பறக்க விடக்கூடாது, ஈரத்துணியால் எடுக்க வேண்டும்.

சமமான இடங்களுக்கு 120, 180, 240 என்ற வரிசையில், மர ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்கவும். சிற்பத்துக்கு உப்புத்தாள் வேண்டாம். நைலான் பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும்.

முதல் இரண்டு கைக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். அதற்கு மேல் போகும் கைகளுக்கு 240 கிராம். ஒரு நாற்காலிக்குக் கால் லிட்டர் தாராளம். அதற்கு 30 கிராம், பிறகு 60 கிராம் என்று கலந்துகொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில்தான் ஊற வைக்க வேண்டும். இரும்பு டின்னில் வைத்தால் அரக்கு கறுத்துவிடும். அவ்வப்போது குலுக்கி ஓர் இரவு விட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினால் தயார். பாட்டில் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஸ்பிரிட்டோடு வினைபுரிந்து, பூசினாலும் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டினால் கொட்டிவிட வேண்டியதுதான். செதிலாக இருக்கும் அரக்கைக் குளுமையான இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். கோடையில் ஷெட் பரணில் வைத்தால் கட்டிபட்டுப்போகும்.

பூசும் நேரம் காலை ஆறு முதல் ஒன்பது. சித்திரை மத்தியானத்தில் பூசினால் பிரஷ் நகர்வதற்குள் ஸ்பிரிட் பறந்து வரி வரியாக நிற்கும். அடைமழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிப் பால் போல வெளுக்கும். வெளுத்தால் பதற வேண்டாம், வெயில் வந்த நாளில் ஸ்பிரிட் லேசாக நனைத்த பொதியை மேலே ஓட்டினால் தெளிந்துவிடும். ஒரே இடத்தில் பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப இழுப்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் கையில் அதிகம் கெடுகிற இடம். அடியில் உள்ள கை கரைந்து மேலே வந்துவிடும். ஓர் இழுப்பு, அடுத்த இடம். கைக்குக் கை அரை மணி முதல் ஒரு மணி நேரம். மூன்று கை முடிந்ததும் ஓர் இரவு விட்டு, 320 தாளால் மிருதுவாகத் தேய்த்து, மறுநாள் இன்னும் மூன்று.

கடைசியாக ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தீயை விட்டுத் தள்ளி வந்தபின்தான் டர்பன்டைனைச் சேர்க்க வேண்டும். பூச்சு ஒரு வாரம் இறுகியபின் மென்துணியால் தேய்த்தால் அமைதியான பளபளப்பு வரும். பி.யு. கிளாஸ் தரும் கண்ணாடித்தனம் வராது. பழைய தேக்குக்கு இதுவே அழகு.

அரக்கின் பெரிய குறை, ஸ்பிரிட் கிடைப்பது. மெத்திலேட்டட் ஸ்பிரிட் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. 1959-ஆம் ஆண்டின் விதிகளுடைய தலைப்பிலேயே, அரக்குப் பாலிஷின் இன்னொரு பெயரான பிரெஞ்ச் பாலிஷ் உண்டு. ரசீதோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். கிடைக்காத பட்சத்தில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேலை செய்யும், கரையவும் காயவும் கூடுதல் நேரம் எடுக்கும். மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீதச் சரக்கில் தண்ணீர் அதிகம், பூச்சு வெளுத்துவிடும்.

பி.யு.தான் என்று முடிவானால்

தேக்கைத் தின்னரால் நன்றாகத் துடைத்து, அது பறந்ததும் தாமதிக்காமல் சீலர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். மறுநாள் வரை விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வந்துவிடும். கலவை விகிதம் டின்னில் போட்டபடி, அளவுக் குவளையில், கண்ணளவு கூடாது. ஹார்டனர் குறைந்தால் பிசுபிசுப்பு, கூடினால் நொறுங்கும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு நாற்காலி செய்கிறவருக்கு இங்கேதான் நஷ்டம்: திறந்த ஹார்டனர் டின் காற்றின் ஈரத்தை வாங்கி அடுத்த தடவைக்குள் கட்டியாகிவிடும். தேவைக்குச் சரியான சின்ன டின்னாக வாங்குங்கள். சீலர் இரண்டு கை, 320 தாள், மேல் பூச்சு ஒன்றோ இரண்டோ. பளபளப்பில் மேட் என்ற மங்கல் ரகம் வாங்குங்கள், பின்னால் விழும் கீறல் அதிகம் தெரியாது.

தண்ணீரில் கலக்கும் பி.யு. இப்போது வருகிறது. வாடை குறைவு, காய்வதும் வேகம். சின்னச் சட்டங்களில் நன்றாகவே நிற்கிறது. பெரிய தேக்குப் பலகையில் பல கோடை கண்டதை நான் பார்க்காததால், அதைப் பற்றிய தீர்ப்பை ஒத்திவைக்கிறேன். ஊஞ்சல் பலகையும் எனக்கு இரண்டுங்கெட்டான்தான். வியர்வையும் தலையெண்ணெயும் படும் என்பதால் அரக்கு அடிக்கடி கவனிப்பு கேட்கும். அப்படியும் நான் அரக்கையே பூசி, வருடம் ஒரு கை புதுப்பிப்பேன்.

வாசல் கதவுக்கு எந்தத் தெளிவான படலமும் நிலைக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் படலத்தைத் தாண்டி மரத்தைத் தாக்கும்போது ஒட்டு விட்டுப்போகும். கடையில் ‘பாயில்ட்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம பங்கு கலந்து முதல் கை, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து எண்ணெய் மட்டும் இன்னொரு கை. வருடா வருடம் புரட்டாசியில், மழைக்கு முன். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள்; ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறந்து தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியில் விரித்துக் காய வைத்தபின் அப்புறப்படுத்துங்கள்.

ஏற்கனவே பி.யு. அடித்த பெட்டகம் வாங்கி வந்துவிட்டால், படலம் உறுதியாக இருக்கும்வரை அதைக் கிளற வேண்டாம். 320 தாளால் பளபளப்பு மட்டும் போகிற அளவு தேய்த்து, மேலே நீர்த்த அரக்கு இரண்டு கை கொடுங்கள். அரக்கு அதன் மேலும் பிடிக்கும். தலைகீழாகச் செய்ய நினைத்தால் எச்சரிக்கை வேண்டும். மெழுகு நீக்காத அரக்கின் மேல் பி.யு. ஒட்டாது. அதற்கு, கரைத்த அரக்கைச் சில நாள் ஆடாமல் வைத்து, மெழுகு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து அடிப்பூச்சாகக் கொடுக்க வேண்டும்.