குரோனோஸா, மேக்புக்கில் மெயின்ஸ்டேஜா?

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கீபோர்டு கலைஞர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு: எல்லா ஒலிகளும் உள்ளேயே இருக்கும் குரோனோஸ் கீபோர்டா, மேக்புக்கை மேடை வாத்தியமாக்கும் ஆப்பிளின் மெயின்ஸ்டேஜ் மென்பொருளா? 2011-இல் வந்த கோர்க் குரோனோஸும் உள்ளே லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிதான்.

செலவு: மெயின்ஸ்டேஜ் மென்பொருள் மலிவு, ஆனால் மேக்புக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி), மிடி கீபோர்டு (எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் கீபோர்டு) எல்லாம் தனிச் செலவு. குரோனோஸ் விலை அதிகம், ஆனால் ஒரே பெட்டி.

நம்பகம்: எனக்கு இதுதான் முக்கியம். கரன்ட் ஒரு நொடி போனாலும் குரோனோஸ் மறுபடி எழ நிமிடக்கணக்கில் ஆகும். பாட்டு நடுவே அது தாங்காது; சின்ன யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். மேக்புக்குக்குப் பேட்டரி உண்டு. ஆனால் யுஎஸ்பி கேபிள் தளர்ந்தால் அதுவும் ஊமைதான்.

ஒலி மாற்றம்: வாசிக்கும்போதே வேறு ஒலிக்கு மாறினாலும், இரண்டிலும் அழுத்திப் பிடித்திருக்கும் சுரம் அறுபடாது.

வேன் வண்டியில் சுற்றுப்பயணம் என்றால் குரோனோஸ். விமானத்தில் போய் அங்கே கீபோர்டை வாடகைக்கு எடுப்பவருக்கு மெயின்ஸ்டேஜ்.