14 மாதப் பாவனைக்குப் பிறகு: அணுவே இல்லாத படத்தில் ஒரு மேகம்

லப்டொப்பின் விசிறி போன கிழமை அடைபட்டு நின்றுவிட்டது. கிளிநொச்சிக் கடையில் அதைக் கழற்றிய பெடியன், உள்ளே இருந்த நெல்லுச் சுனையைப் பிறஷால் கூட்டிக் காட்டினான். வீட்டுக்கு முன்னால் வெட்டு மெசின் ஓடிய நாட்களில் யன்னலைத் திறந்துவிட்டு, படத்திலுள்ள வரிகளைப் போக்கும் யூ-நெட் என்ற செயற்கை நரம்பு நெட்வேர்க்கைப் பயிற்றிய எனக்கு அது வேண்டியதுதான். கடையில் காத்திருந்தபோது அறிவியல் நகரில் படிக்கும் சிநேகிதன் போனில் கேட்டான்: "மச்சான், அந்தப் படம் துப்புரவாக்கிறதை நானும் பாவிக்கலாமோ?"

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அனுப்பும், மிகக் குளிராக்கிய ருபிடியம் அணு மேகங்களின் படங்களில் எத்தனை அணு என்று கணித்துக் கொடுப்பது என் வேலை. வழமையான முறையில் மூன்று படம் எடுப்பார்கள். 780 நானோமீற்றர் லேசரில் அணுவோடு ஒரு படம், அணு இல்லாமல் ஒன்று, இருட்டில் ஒன்று. இருட்டைக் கழித்து, முதல் படத்தை இரண்டாவதால் வகுத்தால் அணு எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கியது என்று தெரியும். முதல் இரண்டுக்கும் இடையில் ஒரு கண்ணாடி கொஞ்சம் நடுங்கினாலும் வகுத்த படத்தில் வரி வரியாக நிற்கும். காற்றடிக்கும் நேரத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் கம்பத்தில் வாசிக்கிற மாதிரித்தான்.

இந்த வரிகளைப் போக்கத்தான் நான் யூ-நெட்டைப் பாவிக்கிறேன். அது 2015 இல் மருத்துவப் படங்களுக்காக வந்தது. 2020 இல் ஹைஃபா குழு ஒன்று அதை வைத்துப் பொற்றாசியம் அணுக்களை ஒரே படத்தில் அளந்து காட்டியது. படத்தின் நடுவை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள வெளிச்சத்தைப் பார்த்து, அணு இல்லாவிட்டால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கும். பாவித்த முதல் நாளே வரிகள் போய், மேகத்தின் ஐதான விளிம்பு வரை தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புகை மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுப் போய்விட்டா.

எரிச்சல் ஒன்றே ஒன்று. "தெரியாது" என்று சொல்ல இதற்குத் தெரியாது.

ஐந்தாம் மாதம் அணுக்களின் எண்ணிக்கை ஏறியது. சந்தோசத்தில் மின்னஞ்சலும் போட்டேன். அப்புறம் ஏதோ சந்தேகத்தில் அணுவே இல்லாத படம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். நடுவில் மெல்லிசாக ஒரு மேகம். பொருத்திப் பார்த்தால் அதற்கு வெப்பநிலைகூட வருகிறது! விசாரித்தால், ஆய்வுகூடத்தில் யாரோ லேசர் வரும் ஒளியிழையைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வரிகளின் சாய்வு மாறிவிட்டது. இதுவோ பழைய வெளிச்சத்தையே ஊகித்துக்கொண்டிருந்தது. வெறுந்தட்டில் பூச்சியம் காட்டாத தராசில் எங்கள் ஊரில் ஒருவரும் நெல்லு நிறுக்க விடமாட்டார்கள்.

வரி போக்குவது வேறு, அளவுதிருத்தம் வேறு. லேசரின் செறிவு ருபிடியத்தின் நிறைவுச் செறிவை, அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 1.67 மில்லிவாற்றை, நெருங்கினால் அணு வெளிச்சத்தை விழுங்கும் பங்கு குறையும், எண்ணிக்கையும் குறைத்தே வரும். ஒரே மாதிரியான மேகத்தைப் பல செறிவுகளில் படம்பிடித்து, எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை வரும்வரை திருத்தக் காரணியைச் சரிசெய்ய வேண்டும். 2007 இல் வந்த முறை. அந்த வேலையை நெட்வேர்க்கிடம் விட்டுப் பார்த்தேன். பழகிய செறிவுக்குள் வடிவாகச் சொல்லும், வெளியே போனால் அதே தைரியத்தோடு பிழையாகச் சொல்லும். இப்போது காரணி பழைய முறையில், வரி மட்டும் இதனிடம். அதுவும் ஒவ்வொரு இரவும் அணு இல்லாத 10 வெற்றுப் படம் கொடுத்துப் பார்த்த பிறகு.

சிநேகிதனுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அப்ப நீ ஏன் பாவிக்கிறாய்?" என்றான். அந்த வரிகளைத் திரும்பப் பார்க்க எனக்கு ஏலாது. விசிறி ஓடத் தொடங்கியதும் கோப்பை அவனுக்கு அனுப்பிவிட்டேன், 10 வெற்றுப் படங்களையும் சேர்த்து.