கேஜா, ஆடிட்டா?

ஊரில் எத்தனை பேருக்குக் குடி பிரச்சினையாகிவிட்டது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க, கேஜ் (CAGE) என்ற வினாப்பட்டியலில் 4 கேள்விதான். 'காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் தேவைப்பட்டதுண்டா?' என்கிற மாதிரி. இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே சந்தேகம். ஆனால் வாழ்நாளில் எப்போதாவது என்றுதான் கேட்பதால், எப்போதோ குடித்துவிட்டுப் பிறகு நிறுத்தியவரும் இதில் மாட்டுவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) வினாப்பட்டியலில் 10 கேள்வி. பெரும்பாலும் கடந்த ஓராண்டுப் பழக்கம். 40 மதிப்பெண்ணுக்கு 8 வந்தாலே கவனிக்க வேண்டும். ஒரே அமர்வில் 6 அளவோ அதற்கு மேலோ (ஓர் அளவு என்பது சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால்) குடிப்பதுண்டா என்றும் கேட்கும். நம்மூர்க் குவார்ட்டர், 180 மில்லி, கிட்டத்தட்ட அந்த 6 அளவு! 'ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்' என்பவர் அங்கேயே சிக்குவார். நான் ஆடிட் பக்கம்தான்.

அப்பாவும் குடித்தாரா, மூட்டை தூக்கும் வேலையா என்கிற பின்னணியை இரண்டுமே கேட்பதில்லை. அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.