எடை குறைந்த பாஞ்சோ என்றால், எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள்

பாஞ்சோ என்பது வட்டமான தோல் முகம் கொண்ட கம்பி வாத்தியம். ரெசொனேட்டர் (பின்பக்க மரக்கிண்ணம்) உண்டு, எடை 2.2 கிலோ, புதிதாகக் கற்பவர்களுக்கும் பயணத்துக்கும் ஏற்றது. மூன்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தன. நான் விழுந்தது அதில்தான். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. இதே வாசகம் வேறு வேறு பெயர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். டோன் ரிங் வைத்த முழு அளவு ஐந்து கம்பி ரெசொனேட்டர் பாஞ்சோ 4.5 முதல் 5.5 கிலோ வரை இருக்கும். அதில் தோலுக்கு அடியில் உட்காரும் வெண்கல டோன் ரிங் மட்டுமே 1.4 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதை விட்டுவிட்டு வெறும் மேப்பிள் ரிம்மில், அதாவது தோலைத் தாங்கும் மர வளையத்தில், செய்தால் 3 கிலோ அளவில் நல்ல பாஞ்சோ கிடைக்கும். கணீரென்ற ஓசை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் வேறு எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் பிரிட்ஜ், அதாவது தோலின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு, விழுந்து கிடந்தது. உடைந்த பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று போனில் கத்தினேன். இது என் தவறு. பாஞ்சோவின் பிரிட்ஜை யாரும் ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். நட்டிலிருந்து (கம்பிகள் தொடங்கும் மேல்முனைத் துண்டு) 12ஆம் ஃப்ரெட் (விரல் வைக்கும் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எவ்வளவு தூரமோ, அங்கிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் நாமே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். அதற்கப்புறம் நான் சொன்ன எல்லாப் புகாருக்கும் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்: "சார், உங்களுக்கு பாஞ்சோ பற்றித் தெரியவில்லை." எனவே முதல் புகாரை யோசித்துச் சொல்லுங்கள்.

உண்மையான கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூட வந்த பையில் பாஞ்சோவைப் போட்டால் ஜிப் மூடவில்லை. ரெசொனேட்டர் இல்லாத ஓப்பன் பேக் பாஞ்சோவுக்கான பை அது. அப்போதுதான் பொறி தட்டியது. பாஞ்சோவோடு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் எடை மெஷினில் ஏறி இறங்கினேன். வித்தியாசம் 3.4 கிலோ. கேட்டால், "அது ரெசொனேட்டரைக் கழற்றிய எடை சார்" என்றார், கூசாமல்.

சரி, கழற்றித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ரெசொனேட்டர் என்பது பின்பக்கம் கவிழ்த்து மாட்டும் மரக்கிண்ணம். பின்னால் போய் நம் வயிற்றில் அமுங்கிவிடும் ஓசையை முன்னுக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. (ரெசொனேட்டர் கிடாரில் அதே பெயர் உலோகக் கூம்பைக் குறிக்கும். இந்தக் குழப்பத்தையும் சில விளம்பரங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன.) வழக்கமாக நான்கு கைத்திருகுகள் இருக்கும், உலோகப் பிடிகளில் போய் இறங்கும். விரலாலேயே கழற்றலாம். பயணத்தில் கிண்ணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். தங்கும் அறையில் அது இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்ட மாட்டார். எனக்கு வந்ததில் இருந்தவை மூன்று மர ஸ்க்ரூக்கள், நேராக ரிம்முக்குள் முறுக்கப்பட்டவை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரத்தூள் உதிர்ந்தது. நான்காவது முறை ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றியது. அன்றிலிருந்து மூன்றாம் கம்பியைத் தொட்டால் கிண்ணம் ர்ர்ரென்று அதிர்கிறது. பயணத்துக்கு என்று விற்ற பொருளைக் கழற்றி மாட்டவே முடியாது.

உள்ளே பார்த்தது அதைவிட மோசம். நெக்கை, அதாவது விரல் வைக்கும் நீளக் கழுத்தை, ரிம்மோடு பிணைக்க உள்ளே குறுக்காகப் போகும் உலோகத் தண்டு, அதாவது கோஆர்டினேட்டர் ராட், இந்தக் காலப் பாஞ்சோவில் வழக்கமாக ஒன்றோ இரண்டோ இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு போல்ட்டும், கருப்புப் பெயின்ட் அடித்த ஒரு மரக்குச்சியும். எதைக் குறைத்தார்கள் என்று இப்போது புரிந்தது. ஹெட், அதாவது முன்பக்கத் தோல், தொளதொளவென்று இருந்ததால் அதைச் சுற்றியுள்ள திருகு நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பிரிட்ஜ் மேலே ஏறியது. கம்பிகளைச் சுருதிக்குக் கொண்டுவந்ததும் நெக் முன்னால் வளைந்துகொண்டு வந்தது. நெக்கும் ரிம்மும் சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி 6 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. 3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது. விரல் வலிக்கு நான் இன்னும் பழகவில்லை என்று ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் கம்பியின் முடுக்காணியில் கியர் இல்லை. வெறும் உராய்வில் நிற்கும் பிளாஸ்டிக். மற்ற நான்கையும் டி, ஜி, பி, டி என்று கூட்டி முடிப்பதற்குள் ஐந்தாவது ஜி-யை விட்டு இறங்கியிருக்கும். ரிம் லேசாகவும் நெக் கனமாகவும் இருந்ததால், இடது கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. வாசிப்பில் கவனம் போகாமல் நெக்கைத் தாங்குவதிலேயே கை ஓய்ந்துவிடும். மொத்த எடை குறைவு என்பதால் மட்டும் தோளுக்குச் சுகம் வந்துவிடாது.

திருப்பி அனுப்பக் கேட்டேன். "ஸ்க்ரூ கழற்றியிருக்கிறீர்கள், கம்பி மாற்றியிருக்கிறீர்கள், பயன்படுத்திய பொருள்" என்று மறுத்துவிட்டார்கள். கழற்றாமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? பெட்டி வந்த அன்றே, கை வைப்பதற்கு முன், வீடியோ எடுத்திருக்க வேண்டும். வாங்கும் முன்பே ரெசொனேட்டரைக் கழற்றிய நிலையில் பின்பக்கப் படம் ஒன்று கேட்டிருக்க வேண்டும். ராட் இருக்கிறதா, பிடிகள் உலோகமா, இரண்டும் அந்த ஒரு படத்திலேயே தெரிந்திருக்கும். அந்தப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

இப்போது கையில் இருப்பது யாரோ வாசித்துப் பழகிய ஒன்று. டோன் ரிங் இல்லை, மேப்பிள் ரிம், ராட் இரண்டு, ஐந்தாம் கம்பிக்கும் கியர், நான்கு கைத்திருகுகள். விற்றவர் வீட்டிலேயே எடை மெஷின் கேட்டு ஏறிப் பார்த்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். கிண்ணத்தோடு 3.1 கிலோ.

பழைய விளம்பரத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். அதே முன்பக்கப் படம், அதே வாசகம். 2.2 கிலோவுக்கு முன்னால் 'சுமார்' என்று ஒரு சொல் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.